புலாவ் உபினுக்கு ஒருநாள் படகுப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் வேலை பார்க்கிற தம்பிமார், ஊரிலிருந்து அம்மா அப்பாவை அழைத்து வந்து எங்கே கூட்டிப்போவது என்று யோசிப்பவர்கள், சுற்றுலா வந்து டிக்கெட் விலைகளைப் பார்த்து மலைத்துப் போனவர்கள், இவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். காரும் வேண்டாம், சைக்கிளும் வேண்டாம். தோளில் ஒரு பை, காலில் நல்ல செருப்போ ஷூவோ, சட்டைப் பையில் கொஞ்சம் சில்லறை இருந்தால் போதும்.

உபின் எங்கே இருக்கிறது? அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

சிங்கப்பூரின் வடகிழக்கு மூலையில், சாங்கிக்கும் மலேசியாவின் ஜொகூருக்கும் நடுவே கிடக்கும் தீவு. பரப்பளவு ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர். ஒரு காலத்தில் கல் உடைத்தும் ரப்பர் வெட்டியும் மீன் பிடித்தும் சுமார் 2,000 பேர் வாழ்ந்த ஊர் இது. இப்போது அங்கே குடியிருப்பவர்கள் மிகச் சிலர். தகரக் கூரை போட்ட கம்பத்து (கிராமத்து) வீடுகள், தென்னை, ரப்பர் மரங்கள், கைவிடப்பட்ட கல்குவாரிகளில் தேங்கிய ஆழமான நீர், கிழக்குக் கோடியில் செக் ஜாவா என்னும் கடலோர ஈரநிலம். பெருநிலத்தில் ஓடுகிற மின்சாரக் கட்டமைப்பு இங்கே வரவில்லை. பல காலமாக டீசல் ஜெனரேட்டர்தான், 2013-க்குப் பிறகு படகுத்துறைப் பக்கம் சூரிய மின்சாரமும் வந்தது. தண்ணீருக்குக் கிணறு. அடுக்குமாடியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைக் காட்டவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்?

படகுக் கட்டணம் ஒரு வழிக்கு ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), போய்வர 8 வெள்ளி. தீவுக்குள் நுழைவுக் கட்டணம் கிடையாது, செக் ஜாவாவுக்கும் கிடையாது. சாங்கி வரைக்கும் பேருந்து, எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) கட்டணம் எங்கிருந்து வந்தாலும் ஒரு வழிக்கு 3 வெள்ளியைத் தாண்டாது. சாப்பாட்டைக் கையில் கொண்டுபோனால் 15 வெள்ளிக்குள் ஒரு முழு நாள் முடிந்துவிடும். சைக்கிளைப் படகில் ஏற்றினால் அதற்குத் தனியாக 2 வெள்ளி. படகில் போகவேண்டிய வேறு எந்தத் தீவுக்கும் இவ்வளவு மலிவாகப் போய்வர முடியாது. தெற்கே உள்ள செயின்ட் ஜான்ஸ், குசு தீவுகளுக்குப் போகும் ஃபெரிக்கும் இதைவிடக் கூடுதலாகத்தான் கொடுக்க வேண்டும்.

காசாகவே எடுத்துப் போங்கள். சில படகுக்காரர்களும் கடைக்காரர்களும் பேநவ் (போன் வழிப் பணம்) வாங்குகிறார்கள், ஆனால் அதை நம்பிப் போகக்கூடாது. தீவில் பணம் எடுக்க ஏடிஎம் இல்லை. 50 வெள்ளித் தாளை நீட்டினால் படகுக்காரர் சில்லறைக்கு எங்கே போவார்? இரண்டு வெள்ளித் தாள்கள் நான்கைந்து வைத்துக்கொண்டால் உங்களுக்கும் நல்லது, அவருக்கும் நல்லது.

படகுத்துறைக்கு எப்படிப் போவது?

சாங்கி வில்லேஜ் பேருந்து முனையத்துக்கு வந்துவிடுங்கள். தானா மேரா எம்ஆர்டியிலிருந்து 2-ஆம் எண் பேருந்து, தெம்பனீஸிலிருந்து 29-ஆம் எண். இரண்டும் கடைசி நிறுத்தம் வரை போகும், தூங்கிவிட்டாலும் இடம் தவறாது. இறங்கியதும் எதிரே உணவங்காடி நிலையம், அதைத் தாண்டி இரண்டு நிமிடம் நடந்தால் சாங்கி பாயிண்ட் ஃபெரி முனையம். விமான நிலையத்தில் இறங்கி ‘சாங்கி படகுத்துறை எங்கே’ என்று கேட்டு அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன். விமான நிலையம் வேறு, சாங்கி வில்லேஜ் வேறு.

உணவங்காடி நிலையம் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுக்குப் பேர் போனது. போகும்போதே காலைச் சாப்பாட்டை அங்கே முடித்துக்கொள்வது நல்லது, தீவில் அந்த நேரத்துக்கு எல்லாக் கடையும் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

பாஸ்போர்ட் வேண்டுமா? ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர்கள் போகலாமா?

உபின் சிங்கப்பூரைச் சேர்ந்த தீவு. குடிநுழைவுச் சோதனை இல்லை. பையை மட்டும் ஸ்கேன் செய்வார்கள். யாரும் போகலாம். ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் நண்பர்களோடு போய்வர இதைவிடச் செலவு குறைந்த இடம் அதிகம் இல்லை. அடையாள அட்டையோ ஒர்க் பெர்மிட் அட்டையோ கையில் இருப்பது நல்லது, எங்கே போனாலும் அது வேண்டியதுதானே.

ஒன்றில் மட்டும் கவனம். இதே முனையத்திலிருந்து மலேசியாவின் பெங்கேராங்கிற்கும் படகு போகிறது. அதற்குத் தனி வரிசை, அதற்குத்தான் பாஸ்போர்ட். வரிசையில் நிற்கும்போதே ‘உபினா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

படகு எத்தனை மணிக்கு? முன்பதிவு உண்டா?

நேர அட்டவணையும் கிடையாது, முன்பதிவும் கிடையாது. பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும், அவ்வளவுதான் முறை. விடிந்த பிறகு தொடங்கி மாலை இருட்டும்வரை ஓடும். சனி ஞாயிறு காலையில் வரிசை நீளமாகத் தெரியும், ஆனால் பன்னிரண்டு பன்னிரண்டாக மளமளவென்று நகர்ந்துவிடும். வார நாளில்தான் பெஞ்சில் உட்கார்ந்து ஆள் சேரும்வரை காத்திருக்க வேண்டும். அவசரம் என்றால் வந்திருப்பவர்கள் சேர்ந்து மீதிப் பேருக்கான காசையும் கொடுத்துக் கிளம்பலாம். முழுப் படகுக்கு 48 வெள்ளி. எட்டுப் பேர் இருக்கிறீர்கள் என்றால் ஆளுக்கு 2 வெள்ளி கூடுதல், அதைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். மூன்று பேர் மட்டும் இருந்தால் பொறுமையாகக் காத்திருங்கள், யாராவது வருவார்கள்.

டிக்கெட் கவுண்டர் எதுவும் தேடாதீர்கள். படகில் ஏறிய பிறகு படகுக்காரரிடமே காசைக் கொடுப்பதுதான் வழக்கம்.

படகு பாதுகாப்பானதா? வயதானவர்கள் ஏற முடியுமா?

மேலே கூரை போட்ட சின்ன மரப்படகு, இங்கே பம்போட் என்பார்கள். டீசல் என்ஜின் சத்தமும் புகையும் இருக்கும், பயணம் பத்துப் பதினைந்து நிமிடம்தான். கடலின் இந்தப் பகுதி இரண்டு நிலங்களுக்கு நடுவே இருப்பதால் பெரிய அலை வராது. பெரிய கப்பல் எதுவும் கடந்தால் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். வாந்தி வரும் அளவுக்கு ஆடியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மிதவை அங்கிகள் படகிலேயே இருக்கும், நீந்தத் தெரியாத பிள்ளைகளுக்குக் கேட்டு வாங்கிப் போட்டுவிடுங்கள், அதில் கூச்சம் எதற்கு?

சிரமம் ஏறி இறங்குவதில்தான். படகு ஆடிக்கொண்டிருக்கும்போது விளிம்பில் கால் வைத்து உள்ளே இறங்க வேண்டும். முட்டி வலி உள்ள பெரியவர்களை முதலில் ஏற்றாதீர்கள். வலுவான ஒருவர் முன்னால் இறங்கி நின்று கை கொடுக்க, இன்னொருவர் பின்னால் நிற்க, நடுவில் அவர்களை இறக்குங்கள். படகுக்காரர்கள் இதில் கைதேர்ந்தவர்கள், ‘மெதுவாக’ என்று சைகை காட்டினால் காத்திருப்பார்கள். புடவை கட்டும் அம்மாக்கள் அன்றைக்கு மட்டும் சுடிதார் போட்டுக்கொண்டால் வசதி. சக்கர நாற்காலியோடு இந்தப் படகில் போவது மிகவும் கடினம்.

எந்த நாளில், எந்த நேரத்தில் போவது நல்லது?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலானவர்கள் ‘வார நாளில் காலையில்’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அது சரிதான், ஆனால் பாதிதான் சரி. செக் ஜாவாவைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் கடிகாரத்தைப் பார்ப்பதற்கு முன் கடலைப் பார்க்க வேண்டும். அங்கே பார்க்க வேண்டியது எல்லாம் கடல் உள்வாங்கும்போதுதான் வெளியே தெரியும். நீர் ஏறியிருக்கும் நேரத்தில் போனால் பாலத்தின் மேல் நின்று சாம்பல் நிறத் தண்ணீரைப் பார்த்துவிட்டு, ‘இதற்கா இவ்வளவு தூரம் நடந்தோம்?’ என்று திரும்பி வருவீர்கள். அப்படித் திரும்பியவர்கள்தான் உபினில் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

நீர்மட்ட நேரங்களைத் தேசிய சுற்றுப்புற அமைப்பின் இணையத்தளத்தில் பார்க்கலாம். ஒவ்வொரு நாளும் கடல் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும், எத்தனை மணிக்கு எத்தனை மீட்டர் என்று போட்டிருப்பார்கள். 0.5 மீட்டரோ அதற்குக் கீழோ என்று இருக்கிற நேரம்தான் வேண்டும். அந்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே செக் ஜாவாவில் இருக்கும்படி கிளம்புங்கள், வற்ற வற்றப் பார்ப்பதுதான் சுகம்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்கும். அதற்காக வீட்டில் தொங்கும் நாள்காட்டியில் பௌர்ணமி பார்த்து அன்றைக்கே கிளம்பிவிடாதீர்கள். அப்படி நன்றாக வற்றும் நேரம் பெரும்பாலும் விடியற்காலையிலோ மாலையிலோ வந்து விழும், செக் ஜாவா வாசல் திறந்திருப்பதோ காலை 8.30 முதல் மாலை 6 வரை. இரண்டும் பொருந்துகிற நாளைத் தேடி எடுக்க வேண்டும். ஒரு மாதத்துக்கான அட்டவணையைத் திறந்துவைத்துக்கொண்டு பார்த்தால் அப்படிச் சில நாட்கள் அகப்படும். விடுமுறை நாளோடு அது பொருந்தினால் மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டுப் போங்கள்.

சைக்கிள் எடுக்காமல் நடந்தே பார்க்க முடியுமா?

முடியும். நடந்துதான் பார்க்க வேண்டும் என்றே சொல்வேன்.

படகிலிருந்து இறங்கியதும் வரிசையாகச் சைக்கிள் வாடகைக் கடைகள் நிற்கும், கூட்டம் முழுவதும் அங்கே ஒதுங்கும், நாமும் எடுக்காவிட்டால் ஏதோ தவறவிட்டது போல் தோன்றும். சைக்கிள் கெட்டது என்று நான் சொல்லவில்லை. தீவு முழுவதையும் ஒரே நாளில் சுற்ற நினைப்பவர்களுக்கும் மேற்கே உள்ள கெத்தாம் மலைச்சைக்கிள் பூங்காவுக்குப் போகிறவர்களுக்கும் அது தேவை. ஆனால் மேடும் பள்ளமும் கப்பிச்சாலையுமாக இருக்கிற இடத்தில், பிரேக் எப்படி இருக்கும் என்று தெரியாத வாடகைச் சைக்கிளில், பல வருடமாகச் சைக்கிள் தொடாத அப்பாவை ஏற்றிவிடுவதை யோசித்துச் செய்யுங்கள். செக் ஜாவா போகும் வழியில் இறக்கங்கள் இருக்கின்றன, அங்கே விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொள்கிறவர்கள் நிறைய. அப்புறம், செக் ஜாவாவின் உள்ளே சைக்கிளுக்கு அனுமதி இல்லை, வாசலில் நிறுத்திவிட்டு நடக்கத்தான் வேண்டும்.

படகுத்துறையிலிருந்து செக் ஜாவாவுக்கு நடை முக்கால் மணி நேரம். வேகமாக நடப்பவர்களுக்கு இன்னும் குறைவு. வழி நெடுக மரநிழல் ஓரளவுக்கு உண்டு. நடக்கும்போதுதான் தலைக்கு மேலே இருவாட்சி சிறகடிக்கிற ‘உஸ் உஸ்’ சத்தம் கேட்கும். சைக்கிளில் போனால் சங்கிலிச் சத்தம்தான் கேட்கும். இருவாட்சிக்கு இங்கே ஒரு கதை இருக்கிறது. சிங்கப்பூரில் 19-ஆம் நூற்றாண்டிலேயே இல்லாமல் போன பறவை அது. 1994-இல் ஒரு ஜோடி உபினில் தென்பட்டது. பிறகு செயற்கைக் கூடுகளும் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள், இப்போது பெருநிலம் வரைக்கும் பரவிவிட்டது. அதன் வீடு இந்தத் தீவு. நின்று அண்ணாந்து பார்க்க நேரம் கொடுங்கள்.

நடக்க முடியாதவர்களுக்குப் படகுத்துறைப் பக்கம் வாடகை வேன்கள் நிற்கும். ஏறும் முன் போக எவ்வளவு, திரும்பி வந்து எப்போது ஏற்றிக்கொள்வார் என்று இரண்டையும் பேசி முடித்துக்கொள்ளுங்கள். பெரியவர்களை வேனில் அனுப்பிவிட்டு இளையவர்கள் நடந்து போய்ச் சேர்வது நல்ல ஏற்பாடு.

செக் ஜாவாவில் என்ன பார்ப்பது?

கடலோரக் காடு, சதுப்புநிலக் காடு, பாறைக்கரை, மணற்கரை, கடற்புல் படுகை, பவளச் சிதறல்கள் நிறைந்த திட்டு என்று ஆறு விதமான வாழிடங்கள், 100 ஹெக்டேர் அளவில் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் மேலும் ஊடாகவும் 1 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகப் பலகை நடைபாதை ஓடுகிறது. ஒரு பாதி கடலுக்கு மேலே, ஒரு பாதி சதுப்புக் காட்டுக்குள்ளே. பிச்சாவரத்தில் படகில் போனவர்களுக்கு அந்தத் தாங்குவேர்களைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்துவிடும், இங்கே அதே வகை மரங்களுக்குள் காலால் நடந்து போகலாம்.

நீர் வற்றியதும் குனிந்து பாருங்கள். அவசரப்படாமல் ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். முதலில் வெறும் சேறுதான் தெரியும். கொஞ்ச நேரத்தில் அந்தச் சேறு அசையத் தொடங்கும். ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள சின்ன நண்டுகள் வளையிலிருந்து எட்டிப் பார்க்கும், சேற்றில் துள்ளித் துள்ளிப் போகும் மீன்கள், கடற்புல்லுக்கு நடுவே கடற்சாமந்தி, யோகம் இருந்தால் நட்சத்திர மீனும் லாட நண்டும். பலகையை விட்டு இறங்கிக் கீழே நடக்கக்கூடாது. ஒரு கால் தடத்தில் எத்தனை உயிர் நசுங்கும் என்பது மேலே நின்று பார்த்தாலே புரியும். சிப்பி, சங்கு எதையும் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள், அவை காலியாகத் தெரிந்தாலும் வேறொரு நண்டு குடியிருக்கும்.

20 மீட்டர் உயரத்துக்கு ஜெஜாவி கோபுரம் ஒன்று உண்டு. மேலே ஏறினால் மர உச்சிகளோடு சமமாக நிற்கலாம். கீழே வாசல் பக்கம் 1930களில் கட்டிய ஆங்கிலேய பாணி வீடு ஒன்று, இங்கே யாருக்கும் தேவையே இல்லாத, குளிர்காயும் கணப்பு அடுப்பு வரைக்கும் வைத்துக் கட்டியது, இப்போது அதுதான் வருகையாளர் நிலையம்.

இந்த இடம் இன்றைக்கு இருக்கிறதே, அது சும்மா வந்துவிடவில்லை. 2001-இல் இதை மண் போட்டு நிரப்பி நிலமாக்கும் திட்டம் தயாராக இருந்தது. அதற்குச் சற்று முன்னால்தான் இங்கே என்ன இருக்கிறது என்பதே வெளியே தெரிய வந்தது. கடைசி முறை பார்த்துவிடலாம் என்று மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், தன்னார்வலர்கள் நாள்கணக்கில் சேற்றில் நின்று உயிரினங்களைக் கணக்கெடுத்தார்கள், அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. கவனியுங்கள், கைவிடப்படவில்லை, தள்ளிவைக்கப்பட்டது. 2007-இன் தொடக்கத்தில் ஜொகூர் ஆற்றில் வந்த வெள்ளத்தின் நன்னீர் இங்கே பாய்ந்து ஏராளமான கடலுயிர்கள் செத்துப்போயின. அதே 2007-இன் ஜூலையில்தான் நடைபாதை திறக்கப்பட்டது. பிறகு உயிர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தன. இதையெல்லாம் தெரிந்துகொண்டு நடந்தால், அந்தப் பலகைகள் மேல் வைக்கிற அடியே வேறு மாதிரி இருக்கும்.

நடைபாதையின் சில பகுதிகளைப் பழுதுபார்ப்புக்காக அவ்வப்போது மூடுவார்கள். கிளம்பும் முன் தேசியப் பூங்காக் கழகத்தின் தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

செக் ஜாவா தவிர வேறு என்ன? அரை நாள்தான் இருக்கிறது என்றால்?

அரை நாள் என்றால் படகுத்துறையிலிருந்து மேற்கே திரும்பிப் பெக்கான் கல்குவாரிக்கு நடந்து போங்கள், பக்கம்தான். பச்சையும் நீலமுமாகக் கிடக்கும் அந்த நீரைப் பார்த்தால் மனிதர்கள் வெட்டிய பள்ளம் என்று நம்பவே முடியாது. சாம்பல் நாரைகள் அங்கே கூடு கட்டுகின்றன. இந்தத் தீவின் கருங்கல் சாதாரணக் கல் இல்லை. 1851-இல் ஒளியேற்றிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கு இங்கிருந்துதான் கல் போனது. 1924-இல் திறந்த ஜொகூர் பாலத்திலும் உபின் கல் இருக்கிறது, அதாவது உட்லண்ட்ஸ் வழியாக நாம் பேருந்தில் ஜொகூர் பாரு போகும்போதெல்லாம் நமக்குக் கீழே கிடப்பது. குவாரி நீரில் இறங்கக்கூடாது. ஆழம் அதிகம், வேலி தாண்டுவது சட்டப்படியும் குற்றம்.

ஊர்ப்பகுதியில் சீனக் கோயில் ஒன்றும் அதற்கு எதிரே நாடக மேடையும் இருக்கின்றன. மேற்கே தள்ளி ஜெர்மன் பெண்ணின் கோயில். முதல் உலகப் போர் தொடங்கிய 1914-இல், இங்கே காப்பித் தோட்டம் பார்த்த ஜெர்மன் குடும்பத்தைப் பிரிட்டிஷ் படையினர் பிடிக்க வந்தபோது, தப்பி ஓடிய மகள் குன்றிலிருந்து விழுந்து இறந்தாள் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. அவளுக்கு மக்கள் வாசனைத் திரவியமும் கண்ணாடியும் சீப்பும் முகப்பூச்சும் படைக்கிறார்கள், ஒரு பார்பி பொம்மையையும் வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப்பக்கம் கன்னி தெய்வத்துக்கு வளையலும் மஞ்சளும் வைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எதுவும் விநோதமாகப் படாது. ஆனால் இது தூரம், நடந்தே போனால் செக் ஜாவாவையும் இதையும் ஒரே நாளில் சேர்ப்பது கஷ்டம். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், நான் என்றால் செக் ஜாவாதான்.

குரங்கும் காட்டுப்பன்றியும் இருக்கிறதாமே, பயமில்லையா?

இருக்கின்றன. நாம் சும்மா இருந்தால் அவையும் சும்மா இருக்கும். அவற்றை இழுப்பது பிளாஸ்டிக் பையின் சரசரப்பு. யாரோ எப்போதோ அந்தப் பையிலிருந்து ரொட்டி எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள், அதை அவை மறக்கவில்லை. ஆகவே சாப்பாட்டை ஜிப் வைத்த முதுகுப்பைக்குள் வையுங்கள், கையில் கவர் தொங்கவிட்டு நடக்காதீர்கள். பன்றி குட்டிகளோடு வந்தால் நின்று வழிவிடுங்கள், நடுவில் புகுந்து செல்ஃபி எடுக்காதீர்கள். காட்டுயிர்களுக்கு உணவு கொடுத்தால் முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கச் சட்டம் இருக்கிறது. அபராதத்தைவிடப் பெரிய விஷயம், மனிதரிடம் பறித்துத் தின்னப் பழகிய விலங்கு கடைசியில் அதற்காகவே பிடித்துக் கொல்லப்படலாம். பிள்ளைகளுக்கு இதைப் படகு ஏறும் முன்னரே சொல்லிவிடுங்கள்.

கண்ணுக்கு எளிதில் படாதவையும் உண்டு. பெரிய சருகுமான் சிங்கப்பூரிலேயே இல்லை என்று எண்ணியிருந்த காலத்தில் இந்தத் தீவில்தான் மறுபடியும் கண்டுபிடித்தார்கள்.

சாப்பாடு? சைவம் கிடைக்குமா?

படகுத்துறைப் பக்கம் கடலுணவு உணவகங்களும் குளிர்பானம், இளநீர் விற்கும் கடைகளும் இருக்கின்றன. வார நாளில் பாதி மூடியிருக்கலாம். சைவம் சாப்பிடுகிறவர்கள் கையில் கொண்டுபோவதுதான் ஒரே வழி. எலுமிச்சைச் சாதம், புளியோதரை, உருளைக்கிழங்குப் பொரியல் என்று வெயிலில் கெடாததாகப் பார்த்துக் கட்டுங்கள். தயிர்சாதம் மதியத்துக்குள் புளித்துவிடும். தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர், அதில் குறைக்க வேண்டாம், ஊர்ப்பகுதியை விட்டுக் கிளம்பினால் வழியில் கடை எதுவும் இருக்கும் என்று நம்பக்கூடாது. குப்பையைத் திரும்பக் கொண்டுவந்து சாங்கியில் போடுங்கள். கழிவறை படகுத்துறையிலும் செக் ஜாவாவிலும் உண்டு.

மழை வந்தால்?

நவம்பரிலிருந்து ஜனவரி வரை மழை அதிகம். மற்ற மாதங்களிலும் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து பெருங்காற்றோடு மழை அடிக்கும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும், அதைப் பார்த்துப் பயணத்தையே கைவிட வேண்டாம். இடி மின்னல் இருந்தால் கோபுரத்திலும் கடல்மேல் பாலத்திலும் நிற்கக்கூடாது. குடையைவிட மழைக்கோட்டு நல்லது. கொசு மருந்து மழை இல்லாவிட்டாலும் வேண்டும், சதுப்புக் காட்டுக்குள் நுழையும் முன்பே தடவிக்கொள்ளுங்கள்.

போன் சிக்னல் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் எந்த நாட்டுச் சிக்னல் என்று பாருங்கள். ஜொகூர் கரை அவ்வளவு பக்கம் என்பதால் போன் தானாகவே மலேசிய நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். ரோமிங்கை அணைத்துவிட்டுப் படகில் ஏறுங்கள், இல்லாவிட்டால் 8 வெள்ளிப் பயணத்துக்கு அதைவிடப் பெரிய பில் வரும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. வழிகாட்டிப் பலகைகள் முக்கியச் சந்திப்புகளில் எல்லாம் இருக்கின்றன, தொலைந்துபோகிற அளவுக்குப் பெரிய தீவும் இல்லை.

திரும்பி வருவது எப்படி? கடைசிப் படகைத் தவறவிட்டால்?

திரும்பும்போதும் அதே முறைதான்: இறங்கிய படகுத்துறைக்கே வந்து வரிசையில் நில்லுங்கள், பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் கிளம்பும், 4 வெள்ளி. கடைசிப் படகு என்று ஒரு நேரத்தை எழுதி ஒட்டியிருக்க மாட்டார்கள், இருட்டியதும் ஆள் குறைய, படகும் குறைந்துவிடும். ஆறரை மணிக்கு மூன்று பேர் மட்டும் நின்றால், காத்திருந்தும் ஆள் சேராவிட்டால், 48 வெள்ளியை மூன்று பேரும் பங்கிட வேண்டியதாகும். ஆகவே ஐந்து, ஐந்தரைக்குள் துறைக்கு வந்துவிடுங்கள். செக் ஜாவாவிலிருந்து திரும்பி நடக்க முக்கால் மணி நேரம், களைத்த கால்களுக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு வைத்து நாலு மணிக்கே அங்கிருந்து கிளம்பினால் சரியாக இருக்கும். உண்மையிலேயே படகு இல்லாமல் மாட்டிக்கொண்டால் துறைப் பக்கம் உள்ள கடைக்காரர்களிடம் கேளுங்கள், படகுக்காரர்கள் எல்லாரையும் அவர்களுக்குத் தெரியும், யாரையாவது அழைத்துக் கொடுப்பார்கள். அதற்கு முழுப் படகுக் காசு கொடுக்க ஆயத்தமாக இருங்கள்.